மெஷ்டாஸ்டிக் நோடு மக்கர் பண்ணுகிறதா? அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிக்கலாம்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர் டேங்குக்கு மேல் ஒரு மெஷ்டாஸ்டிக் நோடு, அதாவது செய்தி அனுப்பும் சின்ன ரேடியோ போர்டு, இருக்கிறது. பையில் ஒன்று. மேஜை மேல் மூடி கழற்றிய நிலையில் எப்போதும் இரண்டு மூன்று கிடக்கும். அவை நண்பர்கள் "ஃபர்ம்வேர் போயிடுச்சு, கொஞ்சம் பாருங்க" என்று வைத்துவிட்டுப் போனவை. ஃபர்ம்வேர் என்றால் போர்டுக்குள்ளேயே ஓடும் நிரல். பார்த்தால் பாதிக்கு மேல் ஃபர்ம்வேர் நன்றாகவே இருக்கும். கேபிள் சரியிருக்காது, ஆண்டெனா மாறிப்போயிருக்கும், அல்லது ரீஜனை, அதாவது எந்த நாட்டு அலைவரிசை என்பதை, தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் என்னிடம் வருவதற்குள் நாலு தடவை முழுசாக அழித்து ஃபிளாஷ் செய்திருப்பார்கள் (ஃபர்ம்வேரைப் புதிதாக ஏற்றியிருப்பார்கள்). எது முதலில் கெட்டது என்று காட்டும் தடயமும் அதோடு போய்விடும். கீழே எங்கே முழு அழிப்பு என்று சொல்கிறேனோ அங்கே மட்டும் அதைச் செய்யுங்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு வரி: மெஷ்டாஸ்டிக் என்பது 2020இல் கெவின் ஹெஸ்டர் தொடங்கிய திறந்த மூல ஃபர்ம்வேர். டவரும் இல்லாமல் இணையமும் இல்லாமல், குறைந்த மின்சாரத்தில் தொலைதூரம் எட்டும் லோரா ரேடியோ வழியே செய்தியை ஒரு நோடிலிருந்து அடுத்ததற்குத் தாண்டவிடும்.

கையில் இருப்பது எந்தக் குடும்பத்து போர்டு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஹெல்டெக் வி3, டி-பீம் போன்றவற்றில் இருப்பது ஈஎஸ்பி32 வகைச் சிப். ராக்4631, டி-எக்கோ, டி1000-இ ஆகியவற்றில் என்ஆர்எஃப்52840. இரண்டிலும் ஓடுவது ஒரே மெஷ்டாஸ்டிக்தான், ஆனால் ஃபிளாஷ் செய்யும் முறை வேறு, கெட்டுப்போகும் விதமும் வேறு. ஒன்றுக்கான வைத்தியத்தை மற்றதில் செய்தால் நேரம்தான் வீண்.

கைவைப்பதற்கு முன் மூன்று காரியம். இப்போது ஓடும் பதிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நோடு இன்னும் பேசுகிறது என்றால் போனில் உள்ள மெஷ்டாஸ்டிக் செயலியிலிருந்து செட்டிங்குகளை எக்ஸ்போர்ட் செய்து, பாதுகாப்புப் பக்கத்தில் இருக்கும் மறையாக்கச் சாவியையும் பிரதி எடுத்து வையுங்கள். அப்புறம், ஆண்டெனா மாட்டாமல் பவர் கொடுக்காதீர்கள். ஆண்டெனா இல்லாமல் ஒலிபரப்பினால் ரேடியோவின் வெளியீட்டுப் பகுதி பழுதாகலாம். அதை எந்த ஃபர்ம்வேராலும் சரிசெய்ய முடியாது.

கம்ப்யூட்டரில் போர்டு தெரியவே இல்லை

கேபிளை மாற்றுங்கள். சொன்னால் எல்லாரும் "கேபிள் நல்ல கேபிள்தான், சார்ஜ் ஏறுதே" என்பார்கள். சார்ஜ் ஏறுவது வேறு, டேட்டா போவது வேறு. சின்ன டார்ச், இயர்போன் போன்றவற்றோடு வரும் பல கேபிள்களில் டேட்டா கம்பியே இருக்காது. அதே கேபிளால் போனைக் கம்ப்யூட்டரில் மாட்டி ஒரு படத்தைக் காப்பி செய்து பாருங்கள். போட்டோ போகவில்லை என்றால் குற்றவாளி கிடைத்துவிட்டது. சில போர்டுகள் இரண்டு முனையும் சி-யாக உள்ள கேபிளில் விழிக்கவே விழிக்காது. அவற்றுக்கு ஒரு முனை பழைய ஏ வகையாக உள்ள கேபிள் வேண்டும்.

கேபிள் சரி என்றால் டிரைவர். ஹெல்டெக் வி3இல் சிபி2102, டி-பீம் வகைகளில் பெரும்பாலும் சிஎச்9102 என்று யூஎஸ்பி-சீரியல் சிப் இருக்கும். விண்டோஸில் அதற்கான டிரைவரை நிறுவ வேண்டியிருக்கலாம். லினக்ஸில் உங்கள் பயனர் கணக்கு 'டயல்அவுட்' குழுவில் இருக்கிறதா என்று பாருங்கள். வெப் ஃபிளாஷரை (பிரவுசரிலிருந்தே ஃபர்ம்வேர் ஏற்றும் மெஷ்டாஸ்டிக் பக்கம்) குரோம் அல்லது எட்ஜில் திறக்க வேண்டும். போர்ட் தெரிகிறது, ஆனால் 'பிஸி' என்கிறது என்றால், வேறொரு டேபிலோ ஆர்டுயினோவின் சீரியல் மானிட்டரிலோ (போர்டு யூஎஸ்பி வழியே அனுப்பும் எழுத்தைக் காட்டும் ஜன்னல்) நீங்களே அதைத் திறந்து வைத்திருப்பீர்கள்.

ஃபிளாஷ் தொடங்குகிறது, 'கனெக்டிங்' என்று புள்ளி புள்ளியாய் நின்றுவிடுகிறது

இது ஈஎஸ்பி32 கதை. சிப் தானாக டவுன்லோடு நிலைக்குப் போகவில்லை. பூட் பட்டனை (ஹெல்டெக்கில் அதன் மேல் 'பிஆர்ஜி' என்று இருக்கும்) அழுத்திப் பிடித்தபடியே ரீசெட்டை ஒருமுறை தட்டி விடுங்கள். பிறகு பூட்டை விடுங்கள். திரை கறுப்பாகவே இருக்கும், அதுதான் சரி. இப்போது மீண்டும் ஃபிளாஷ் செய்யுங்கள். பாதியில் அறுந்துபோனால் வேகத்தை 115200க்குக் குறையுங்கள், யூஎஸ்பி ஹப் இருந்தால் கழற்றிவிட்டு நேரடியாக மாட்டுங்கள்.

ஃபிளாஷ் முடிந்தது, திரை கறுப்பு. அல்லது விட்டுவிட்டு ரீபூட் ஆகிறது

முதலில் பட்டனை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். திரை சிறிது நேரத்தில் தானாக அணையும்படிதான் வைத்திருக்கிறார்கள். இதற்காக ஒருவர் இருபது கிலோமீட்டர் பைக்கில் வந்தார். நான் பட்டனை அழுத்தினேன், அவர் காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அழுத்தியும் எழவில்லை என்றால் ஊகிப்பதை விட்டுவிட்டு சீரியல் மானிட்டரை 115200இல் திறந்து ரீசெட் அழுத்துங்கள். போர்டு தன் வாயாலேயே சொல்லும். அதில் மூன்று விதமான புலம்பல்கள் அடிக்கடி வரும்.

'இன்வேலிட் ஹெடர்' என்று, பின்னால் எஃப் எஃப் எஃப் என நீளமாக, ஓயாமல் ஓடினால், சிப்பில் தொடக்க நிரலே இல்லை என்று பொருள். அழித்த சிப்பில் 'அப்டேட்' கோப்பை மட்டும் ஏற்றினால் இப்படித்தான் ஆகும். அப்டேட் கோப்பில் பூட்லோடர், அதாவது அந்தத் தொடக்க நிரல், கிடையாது, ஏற்கெனவே இருக்கும் என்று நம்பித்தான் அது வருகிறது. இங்கே முழு அழிப்பும் முழு நிறுவலும்தான் மருந்து.

'பிரவுன்அவுட்' என்ற சொல் வந்தால் ஃபர்ம்வேரைத் தொடாதீர்கள். ரேடியோ எழும் நொடியில் மின்னழுத்தம் சரிகிறது, சிப் பயந்து ரீசெட் ஆகிறது. கேபிள், ஹப், செத்துக்கொண்டிருக்கும் 18650 பேட்டரி, இவற்றில் ஒன்றுதான் காரணம். புது பேட்டரி வாங்கினால் அதன் சிவப்பு, கறுப்பு ஒயர்கள் போர்டில் உள்ள கூட்டல், கழித்தல் குறிக்கு நேராக வருகிறதா என்று மாட்டும் முன் பாருங்கள். சின்ன ஜேஎஸ்டி கனெக்டர்களில் எந்தப் பக்கம் சிவப்பு என்பதில் விற்பவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. தலைகீழாக ஒருமுறை மாட்டினால் போர்டு அவ்வளவுதான்.

'குரு மெடிடேஷன் எரர்' என்று ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் விழுந்தால், வேறு போர்டுக்கான ஃபர்ம்வேரை ஏற்றியிருக்கலாம், அல்லது பழைய பதிப்பின் செட்டிங் புதியதற்குச் செரிக்காமல் இருக்கலாம். முதலில் போர்டின் பெயரைச் சரிபாருங்கள். ஈஎஸ்பி32-எஸ்3 கோப்பைச் சாதாரண ஈஎஸ்பி32இல் ஏற்றப்போனால் கருவியே தடுத்துவிடும். ஆனால் ஒரே எஸ்3 சிப் உள்ள இரண்டு போர்டுகளுக்குள் மாற்றினால் அது தடுக்காது. ஹெல்டெக் வி3உம் ஹெல்டெக் வயர்லெஸ் டிராக்கரும் அப்படி ஒரு ஜோடி. சிப் ஒன்றுதான், திரையும் சிப்பின் கால் இணைப்புகளும் வேறு. நோடு உள்ளே ஓடிக்கொண்டிருக்கும், ப்ளூடூத்தில் கூடத் தெரியும், திரை மட்டும் இருட்டு.

திரையில் 'கிரிட்டிக்கல் ஃபால்ட்', பக்கத்தில் ஓர் எண்

பலர் இதைப் பார்த்ததும் போர்டைத் தூக்கிப்போடப் போவார்கள். உண்மையில் இதுதான் சௌகரியமான பழுது, ஏனென்றால் பெயர் சொல்லியே வருகிறது.

எண் 3 என்றால் ரேடியோ சிப் பதில் சொல்லவில்லை. போர்டு மாறிய ஃபர்ம்வேர் முதல் சந்தேகம். ராக் போன்ற, மேலே பொருத்தும் வகையாக இருந்தால் இரண்டாவது சந்தேகம் அந்தப் பொருத்து. கோர் மாட்யூலை (சிப் இருக்கும் சின்னப் பலகை) கழற்றி, மீண்டும் கட்டை விரலால் நேராக அழுத்துங்கள். 'டிக்' என்று ஒரு சத்தம், விரலில் ஒரு சின்ன உதறல் வரும். அது வராமல் ஸ்குரூவை மட்டும் முறுக்கியிருந்தால் ஒரு பக்கம் மயிரிழை தூக்கியே நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. ஸ்குரூ பிடித்துக்கொள்ளத்தான், உள்ளே தள்ள அல்ல.

எண் 9 மேலே சொன்ன பிரவுன்அவுட். 12உம் 13உம் உள் நினைவகத்தின் கோப்பு அமைப்பு சிதைந்ததைச் சொல்கின்றன. 12 மீளக்கூடியது, 13 மீளாதது. 13 வந்தால் முழு அழிப்புக்குப் போகலாம்.

என்ஆர்எஃப் போர்டு: ஃபிளாஷ் செய்ய டிரைவ் வரவில்லை

இந்தக் குடும்பத்தில் ரீசெட்டை இரண்டு முறை தட்ட வேண்டும். கம்ப்யூட்டரில் ஒரு பென் டிரைவ் போல எழும், அதில் யூஎஃப்2 கோப்பை (இந்த போர்டுகளுக்கான ஃபர்ம்வேர் கோப்பு வகை) போட்டால் முடிந்தது. தட்டும் வேகம்தான் சூட்சுமம். கதவைத் தட்டுவது போல 'டக்-டக்' என்று அரை நொடிக்குள். மெதுவாகத் தட்டினால் வெறுமனே இரண்டு முறை ரீபூட் ஆகும். டி1000-இ-யில் ரீசெட் பட்டனே கிடையாது. இருக்கும் ஒரே பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு காந்த கேபிளைச் சட்டென்று இரண்டு முறை ஒட்டி எடுத்து ஒட்ட வேண்டும். முதல் நாள் மூன்றாவது கை தேவைப்படும், பிறகு பழகிவிடும்.

கோப்பு ஏறி முடிந்ததும் டிரைவ் தானாக மறையும். கம்ப்யூட்டர் "சரியாக வெளியேற்றவில்லை", "காப்பி தோல்வி" என்றெல்லாம் கத்தும். கண்டுகொள்ளாதீர்கள், அது வெற்றியின் அடையாளம்.

ப்ளூடூத் வழியே அப்டேட் செய்து பாதியில் நின்றால் போர்டு செத்துவிடவில்லை. பூட்லோடரில் நிற்கிறது. யூஎஸ்பி மாட்டி அதே யூஎஃப்2 வழியில் எழுப்பலாம். இதனாலேயே, ஏணி போட்டு எட்ட முடியாத இடத்தில் உள்ள நோடை நான் காற்றுவழியில் அப்டேட் செய்வதில்லை. மாடியில் வைக்கும் நோடுக்கு ஆல்ஃபா பதிப்பும் வேண்டாம். இந்தத் திட்டத்தில் 'பீட்டா' என்று பெயரிட்டதுதான் நிலையான பதிப்பு. மற்ற இடத்துப் பழக்கத்தில் பீட்டாவைக் கண்டு ஒதுங்க வேண்டியதில்லை.

நோடு தன் பெயரையே மறந்துவிட்டது

என் டேங்க் நோடு ஓர் ஐப்பசியில் காணாமல் போனது. நான்கைந்து நாள் அடைமழை, சூரியனே இல்லை, நான் கஞ்சத்தனமாக வைத்த சின்ன சோலார் பேனல் பேட்டரியைத் தாக்குப்பிடிக்க வைக்கவில்லை. சரி, வெயில் வந்தால் தானாக எழுந்துவிடும் என்று விட்டேன். வெயில் வந்தது, நோடு வரவில்லை. ஏணி போட்டு ஏறினால் உள்ளே பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டிருக்கிறது. போனில் ப்ளூடூத்தைத் திறந்தால், நான் வைத்த பெயருக்குப் பதிலாக 'மெஷ்டாஸ்டிக்' என்று, பக்கத்தில் நான்கு எழுத்து. ரீஜன் 'அன்செட்'.

நடந்தது இதுதான். மின்னழுத்தம் தள்ளாடும் நேரத்தில் நோடு எதையோ நினைவகத்தில் எழுதப்போய், எழுத்து பாதியில் அறுந்து, செட்டிங் கோப்பு சிதைந்துவிட்டது. எழுந்தபோது பச்சைப் பிள்ளையாக எழுந்திருக்கிறது. ரீஜன் இல்லாத நோடு ஒலிபரப்பாது. அதனால் கீழிருந்து பார்த்தால் செத்தது போலத் தெரிந்தது.

ஒருமுறை இப்படி ஆனால் எக்ஸ்போர்ட் செய்து வைத்ததை மீண்டும் ஏற்றினால் போதும். ஒவ்வொரு ரீபூட்டிலும் மறந்தால் கோப்பு அமைப்பையே புதிதாக்க வேண்டும். என்ஆர்எஃப்-க்கு அழிப்பதற்கென்றே தனி யூஎஃப்2 கோப்பு வெப் ஃபிளாஷரில் கிடைக்கும். அதை டிரைவில் போட்டபின் சீரியல் மானிட்டரை ஒருமுறை திறந்தாக வேண்டும், அப்போதுதான் அழிப்பு ஓடி முடியும். இந்தப் படியைத் தவறவிட்டவர்கள்தான் "அழிச்சும் பழசே வருது" என்பார்கள். பிறகு வழக்கமான ஃபர்ம்வேரை ஏற்றுங்கள். பேனலையும் பெரிதாக்குங்கள், இல்லாவிட்டால் அடுத்த மழைக்கும் இதே கதை. சோலாருக்கு ஈஎஸ்பி32 போர்டை யோசிக்கிறீர்கள் என்றால், அது என்ஆர்எஃப்-ஐவிடப் பல மடங்கு மின்சாரம் தின்னும்.

ப்ளூடூத்தில் சேர மறுக்கிறது

முழு அழிப்புக்குப் பிறகு என்றால், போனின் ப்ளூடூத் பட்டியலில் பழைய ஜோடியை 'ஃபர்கெட்' செய்துவிட்டு மறுபடி சேருங்கள். திரை உள்ள போர்டு பின் எண்ணைத் திரையில் காட்டும். திரை இல்லாததற்கு இயல்பான எண் 123456. ஈஎஸ்பி32இல் வைஃபையை இயக்கினால் ப்ளூடூத் அணைந்துவிடும். இது பழுதில்லை, அமைப்பே அப்படி. ஒரு நேரத்தில் ஒரு போன்தான் சேர முடியும் என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் பழைய போன் அலமாரியில் கிடந்தபடியே நோடைப் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

எல்லாம் ஓடுகிறது, பக்கத்து நோடு மட்டும் தெரியவில்லை

என்னிடம் வருபவற்றில் முதலிடம் இதற்குத்தான். வரிசையாகப் பாருங்கள்.

ரீஜன்: இந்தியாவில் 'ஐஎன்', அதாவது 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ். சிங்கப்பூருக்கு எஸ்ஜி_923, மலேசியாவுக்கு எம்ஒய்_919 அல்லது எம்ஒய்_433. ஊரிலிருந்து எடுத்துப்போன நோடு அங்கே ஊமையாக இருப்பதற்கு இதுவே காரணம்.

பிரிசெட் (ரேடியோவின் வேகமும் தூரமும் சேர்ந்த தயார் அமைப்பு): இருவரும் ஒரே பிரிசெட்டில் இருக்க வேண்டும். லாங்ஃபாஸ்ட்டில் இருப்பவருக்கு மீடியம்ஃபாஸ்ட்டில் இருப்பவர் வெறும் இரைச்சல்.

அடுத்தது பலரும் விழும் பள்ளம். முதன்மைச் சேனலின் பெயரை மாற்றினால் அலைவரிசையும் மாறிவிடும். ஃப்ரீக்வன்சி ஸ்லாட் (ரீஜனின் அலைவரிசையைப் பிரித்த துண்டுகளில் ஒன்று) பூஜ்யம் என்று இருந்தால், ஃபர்ம்வேர் சேனல் பெயரை வைத்து ஒரு கணக்குப் போட்டு ஸ்லாட்டைத் தேர்ந்தெடுக்கிறது. ஐஎன் ரீஜனின் 2 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், லாங்ஃபாஸ்ட்டின் 250 கிலோஹெர்ட்ஸுக்கு 8 ஸ்லாட் கிடைக்கும். பெயர் மாற்றாத லாங்ஃபாஸ்ட் நாலாவது ஸ்லாட்டில், 865.875 மெகாஹெர்ட்ஸில் உட்காரும். நீங்கள் முதன்மைச் சேனலுக்குக் 'குடும்பம்' என்று பெயர் வைத்த அந்த நிமிடமே வேறு ஸ்லாட்டுக்குத் தாவியிருக்கலாம். ஊர் முழுக்கக் காணாமல் போனது போல இருக்கும். தனிச் சேனல் வேண்டுமென்றால் முதன்மையைத் தொடாமல் இரண்டாவது சேனலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதன்மையை மாற்றியே ஆக வேண்டுமென்றால் ஸ்லாட்டைக் கையால் 4 என்று போடுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால் ஆண்டெனா. எஸ்எம்ஏ, ஆர்பி-எஸ்எம்ஏ என்று இரண்டு வகை. மரை இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். நடுவில் இரு பக்கமும் குழியாக இருந்தால் இறுக்கமாக மாட்டியும் ஒன்றும் தொடாது. கழற்றி நடுவைப் பாருங்கள்: ஒன்றில் ஊசி, மற்றதில் குழி இருக்க வேண்டும். போர்டின் மேல் பொட்டு அளவில் இருக்கும் யூ.எஃப்எல் கனெக்டர் முப்பது முறை மாட்டிக் கழற்றுவதற்கென்றே செய்யப்பட்டது. சும்மா சும்மா பிடுங்காதீர்கள்.

கடைசியாக, ஒரு முழு வார இறுதியைத் தின்ற பழுது. ஆன்லைனில் 868 என்று போட்டு விற்ற ஒரு போர்டு. மேஜையில் ஒரு மீட்டரில் பக்கத்து நோடைக் கேட்கிறது, மைனஸ் 90 டிபிஎம் சிக்னல் வலிமையில். அவ்வளவு அருகில் அது மிக மோசமான அளவு. தெருமுனைக்குப் போனால் மௌனம். மூன்று பதிப்பு மாற்றி ஏற்றினேன். பிறகுதான் லென்ஸை வைத்து, ரேடியோ மேலிருக்கும் தகரக் கவசத்தின் ஓரத்தைப் பார்த்தேன்: 433. எஸ்எக்ஸ்1262 சிப் 150 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரை எங்கே வைத்தாலும் போகும். அதனால் ஃபர்ம்வேர் 865க்கு ஒப்புக்கொண்டு ஓடும். ஆனால் சிப்புக்கும் ஆண்டெனாவுக்கும் இடையே உள்ள சின்னச் சின்ன காயிலும் கெப்பாசிட்டரும் 433க்கு என்று கணக்கிட்டவை. அவை 865ஐ வடிகட்டித் தின்றுவிடும். மென்பொருளில் இதற்கு வழியே இல்லை, திருப்பித்தான் அனுப்ப வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம்: இரண்டு நோடுகளையும் ஒட்டி வைத்துச் சோதிக்காதீர்கள். காதருகே கத்தினால் சொல் புரியாது. வேறு வேறு அறையில் வையுங்கள்.

கேட்கிறது, ஆனால் நான் அனுப்புவது போகவில்லை

சேனலில் அனுப்பும் பொதுச் செய்திக்கு யாரும் தனியாக ரசீது தருவதில்லை. உங்கள் செய்தியை இன்னொரு நோடு திரும்ப ஒலிபரப்புவதைக் கேட்டால், அதையே ரசீதாக ஃபர்ம்வேர் எடுத்துக்கொள்கிறது. யாரும் திரும்பச் சொல்லவில்லை என்றால் 'மேக்ஸ் ரீடிரான்ஸ்மிஷன்' என்று பிழை வரும். எதிரே இருக்கும் ஒரே நோடு 'கிளையன்ட் மியூட்' பாத்திரத்தில் (பிறர் செய்தியைத் திரும்ப ஒலிபரப்பாத அமைப்பு) இருந்தால், அவர் செய்தியைப் படித்துச் சிரித்துக்கொண்டிருக்க, உங்களுக்குத் தோல்வி என்று காட்டும். எனவே நேரடிச் செய்தி ஒன்று அனுப்பிச் சோதியுங்கள்.

நோடுகள் நிறைய உள்ள இடத்தில் சேனல் பயன்பாட்டு சதவீதத்தைப் பாருங்கள். 25ஐத் தாண்டினால் ஃபர்ம்வேர் இருப்பிடம், டெலிமெட்ரி (பேட்டரி அளவு மாதிரியான நிலைத் தகவல்) போன்றவற்றைத் தானே அடக்கி வைக்கும். காரணம் பெரும்பாலும், ஆளாளுக்கு 'ரவுட்டர்' பாத்திரத்தைப் போட்டுக்கொண்டதுதான். பெயர் கம்பீரமாக இருக்கிறது என்று வீட்டுக்குள் இருக்கும் நோடுக்கு அதைக் கொடுத்தால், உயரத்தில் இருக்கும் நல்ல நோடு செய்தியைத் திரும்ப ஒலிபரப்பும் முறையை அது பறித்துக்கொள்ளும். உச்சியில் இல்லாத எதற்கும் 'கிளையன்ட்' போதும். ஹாப் எண்ணிக்கை, அதாவது செய்தி எத்தனை முறை தாண்டலாம் என்பது, இயல்பாக 3. அதை 7 ஆக்குவது நெரிசலைக் கூட்டுமே தவிர, கேட்காத காதைத் திறக்காது.

நேரடிச் செய்தியில் சிவப்புச் சாவி

2.5 பதிப்பிலிருந்து நேரடிச் செய்திகள் ஒவ்வொரு நோடின் சொந்தச் சாவி ஜோடியால் பூட்டப்படுகின்றன. முழு அழிப்பு செய்து பழைய சாவியைத் திரும்ப ஏற்றாவிட்டால் புதுச் சாவி பிறக்கும். நண்பரின் நோடு "பெயர் அதே, சாவி வேறு" என்று சந்தேகப்பட்டுச் சிவப்பு காட்டும். அவர் தன் பட்டியலிலிருந்து உங்கள் நோடை நீக்கிவிட்டு, அது மீண்டும் தன்னை அறிவிக்கும் வரை காத்திருந்தால் சரியாகும்.

சாவி கசிந்தது என்று செயலி எச்சரித்தால் விஷயம் வேறு. 2.5.0 முதல் 2.6.11க்கு முந்தைய பதிப்புகளில், விற்பனையாளர்கள் மொத்தமாகப் பிரதி எடுத்து ஃபிளாஷ் செய்த போர்டுகள் சில ஒரே சாவியோடு வெளியே வந்தன. வேறு சிலவற்றில் சாவிக்குப் போதிய தற்செயல் தன்மை இல்லை. 2025இல் இதற்கு ஒரு சிவிஇ எண்ணும் (பாதுகாப்பு ஓட்டைகளுக்கான பொதுப் பட்டியல் எண்) கொடுத்தார்கள். இங்கே செட்டிங்கைத் தக்கவைக்கும் அப்டேட்டை நம்பாதீர்கள். 2.6.11 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை முழு அழிப்போடு ஏற்றுங்கள். எடுத்து வைத்த பழைய சாவியைத் திரும்பப் போடாதீர்கள். ரீஜனைத் தேர்ந்தெடுத்ததும் புதுச் சாவி உருவாகும். அதைப் பிரதி எடுத்துக்கொண்டு, சிவப்பு வரப்போகிறது என்று நண்பர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.